‘கீப்’ என்ற சொல்லுக்கு நான் போட்ட வேஷங்கள்

கற்பிட்டிக்கும் தலவிலைக்கும் நடுவில், களப்புத் தண்ணீரைப் பார்த்தபடி இருந்த கன்னியர் மடத்துக் குசினியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை. தமிழ் எழுத வாசிக்கத் தெரியும். இங்கிலீசில் ‘யெஸ்’, ‘நோ’, ‘தேங்க் யூ’ தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரு இங்கிலீஷ் சொல்லை ஜேர்மன் பாஷைக்குக் கொண்டுபோக உதவினேன் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வாயே திறக்காமல்தான் அதைச் செய்தேன் என்றால் இன்னும் சிரிக்கிறார்கள். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. அந்த நாளில் வரவில்லை.

மடத்தில் ஒரு ஜேர்மன் சிஸ்டர் இருந்தார். மருந்து அறை அவர் பொறுப்பில் இருந்தது. புண்ணுக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார். ஆனால் அவருடைய பெரிய வேலை பிள்ளைப்பேறு. எந்தக் குடிசையில் எந்தப் பெண்ணுக்கு வலி கண்டாலும் மாட்டு வண்டியில் ஏறிப் போய்விடுவார். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் அப்படிப் பிள்ளை பெறப் படுத்திருந்த பெண்களிடம் படித்ததுதான். அதிலும் அதிகம் பேர் கற்பிட்டி முஸ்லிம் பெண்கள். அதனால் எங்கள் வேதக்காரப் பெண்களையும் அவர் ‘அம்மா’ என்னாமல் ‘உம்மா’ என்றே கூப்பிடுவார். “மூச்சு எடு உம்மா. முக்கு உம்மா, முக்கு! முடிஞ்சிது, அழாத.” இதற்கு வெளியே அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். குசினியில் வந்து தண்ணீர் கேட்பதென்றால்கூடக் கையைக் காட்டித்தான் கேட்பார்.

சீமையில் சண்டை தொடங்கியதும் புத்தளத்திலிருந்து பொலிஸ்காரர் வந்து அவருடைய ஜேர்மன் புத்தகங்களை ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுபோனார்கள். செபப் புத்தகத்தை மட்டும் விட்டார்கள். இங்கிலீசுக்கு ஜேர்மனில் பொருள் சொல்லும் தடித்த புத்தகமும் அந்தச் சாக்கோடு போயிற்று. கொஞ்ச நாளில் இன்னொரு செய்தி வந்தது. இலங்கையில் இருக்கிற ஜேர்மன்காரரையெல்லாம் பிடித்து மலைநாட்டில் கம்பி வேலிக்குள் வைக்கிறார்களாம். எங்கள் பெரிய மதர் சிஸ்டருக்காக மன்றாடி மனுப் போட்டார். அதற்குப் பதில் வந்தது: ஒரு துரை நேரில் வருவார், சிஸ்டர் தன் வாயால், இங்கிலீசில், வேறொருவர் உதவி இல்லாமல் பதில் சொல்ல வேண்டும், துரைக்குத் திருப்தி என்றால் சிஸ்டர் இங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் கம்பி வேலிதான்.

அப்போது என் அம்மா வயிற்றோடு இருந்தா. எனக்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகளும் மருத்துவிச்சியின் கையிலேயே போய்விட்டன. “அந்த வெள்ளைக்காரச் சிஸ்டர் இருந்தாத்தான் இது உசிரோட வரும் மகள்” என்று அம்மா என்னைக் காணும்போதெல்லாம் சொல்வா. சொல்லிவிட்டு மடத்துப் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வா.

பெரிய மதர் அயர்லாந்துக்காரி. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்கு இங்கிலீஷ் மட்டும்தான். சிஸ்டரோடு பின்னேரங்களில் உட்கார்ந்து இங்கிலீஷ் கதைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்ததாம். மருந்துப் பெயர், நோயின் பெயர் போன்ற பெரிய பெரிய சொற்களில் சிஸ்டருக்குத் தடங்கல் இல்லை. சின்னச் சொற்களில்தான் விழுகிறார். அதிலும் ‘கீப்’ என்ற ஒரு சொல் வந்தால் முகம் சிவந்து அப்படியே நின்றுவிடுகிறார். அந்தச் சொல்லோ வாக்கியத்துக்கு வாக்கியம் வருகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு வேலைக்கு வருகிறது. பொருள் சொல்லப் புத்தகம் இல்லை. பெரிய மதருக்கு ஜேர்மன் தெரியாது. அந்த இங்கிலீசை விட்டால் இரண்டு பேருக்கும் பொதுவாக வேறு பாஷை இல்லை.

அதனால் பெரிய மதர் ஒரு வழி கண்டுபிடித்தார். தான் வாக்கியத்தைச் சொல்வது, ஒரு ஆள் அதை நடித்துக் காட்டுவது, சிஸ்டர் அதைப் பார்த்து அதற்கான ஜேர்மன் சொல்லைத் தானே பிடிப்பது. முதலில் குசினிக்கார அக்காவைக் கூப்பிட்டார்கள். அவ கை அசைகிறதோ இல்லையோ வாய் அசைந்துகொண்டே இருக்கும். அரை மணித்தியாலத்தில் சிஸ்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வெட்கத்தில் வாய் திறக்கமாட்டேன் என்பது மடம் முழுவதும் தெரியும்.

“போடி, போ. கூத்து ஆடச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க” என்று அக்கா என்னைத் தள்ளிவிட்டா. “அந்தச் சொல்லு நல்ல சொல்லோ என்னவோ. துரைமாருட பங்களாப் பக்கம் அதை வேற மாதிரித்தான் சொல்லுவாங்க.”

அவ சொன்னது என்னவென்று எனக்குக் கலியாணமான பிறகுதான் விளங்கியது.

முதல் நாள் பெரிய மதர் முகம் துடைக்கிற தன் கைலேஞ்சியை என்னிடம் நீட்டி, ‘கீப்’ வைத்து ஒரு வாக்கியம் சொன்னார். இதை நீயே வைத்துக்கொள் என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கியிருக்கமாட்டேன். பெரியவர்கள் ஒன்றைக் கொடுத்தால் உடனே வாங்கினால் பறக்காவெட்டி என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, கையில் திணித்தால்தான் வாங்க வேண்டும். நான் கைலேஞ்சியை இரண்டு கையாலும் வாங்கி, மடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். பெரிய மதர் மறுபடி நீட்டினார். நான் மறுபடி திருப்பிக் கொடுத்தேன். சிஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “சுரூக்கேபன்!” என்றார்.

அப்படியே சில நாட்கள் போயின. பெரிய மதருக்கு அந்த ஜேர்மன் சொல்லின் அர்த்தம் தெரியாது. சிஸ்டருக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கோ எதுவுமே தெரியாது. ஒரு நாள் தேத்தண்ணீர் கொண்டுவந்த அக்காவிடம் பெரிய மதர் ஒரு துண்டு பாண் ரொட்டியைக் கொடுத்து அதே வாக்கியத்தைச் சொன்னார். அக்கா பாணை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டா. சிஸ்டர் பாய்ந்து போய் அதைப் பிடுங்கிப் பெரிய மதரிடம் திருப்பிக் கொடுத்தார்.

“ஐயோ, எனக்குத் தந்ததை என்னத்துக்குப் பறிக்கிறா இந்த மனுசி?” என்று அக்கா கத்தினா. பிறகு என்னைப் பார்த்தா. “அடியே, நீ என்னடி செய்து காட்டினாய்?”

நான் கைலேஞ்சியை எடுத்து எப்படிச் செய்தேன் என்று காட்டினேன். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டா. “வச்சுக்கோ எண்டு சொல்ல, இவ திருப்பிக் குடுத்திருக்கிறா! உன்ட வெக்கத்தால துரை வந்து ‘வச்சிருக்கிறாயா’ எண்டு கேக்க, சிஸ்டர் ‘குடுத்துப்போட்டன்’ எண்டு சொல்லுவா. பிறகு பிடிச்சுக்கொண்டு போகட்டும்!”

எனக்குக் காது மடல் சுட்டது. அக்கா என் கையைப் பிடித்துக் கைலேஞ்சியோடு என் நெஞ்சில் வைத்து அழுத்தினா. அப்போதுதான் சிஸ்டர், “ஆ… பெஹால்ற்றன்” என்று மெல்லச் சொன்னார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல் காதில் விழுந்தவுடன் என் இரண்டு கையும் நெஞ்சுக்குப் போகும்படி பழக்கிவிட்டார்கள். அதிலிருந்து தொடங்கி மற்ற அர்த்தங்களுக்குப் போவது என்று ஏற்பாடு.

இரண்டாவது சிக்கலும் என்னால்தான். பேசாமல் இரு என்பதற்கும் அதே சொல்லாம். பெரிய மதர் அதைச் சொன்னார், நான் பேசாமல் நின்றேன். மறுபடி சொன்னார், மறுபடி பேசாமல் நின்றேன். சிஸ்டர் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இவள் எதையும் செய்யவில்லையே என்பது போலக் கையை விரித்தார். பேசுகிற ஆள் நிறுத்தினால்தானே பேச்சு நின்றது தெரியும். கடைசியில் அக்காவையே கூப்பிட்டு, “சத்தம் போடு” என்றார்கள். அவவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மீன் விற்க வந்தவன் பழைய மீனைத் தலையில் கட்டிவிட்டுப் போனதை, அவன் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்து ஏசத் தொடங்கினா. பெரிய மதர் சொல்லைச் சொன்னார். அக்கா நிறுத்தவில்லை. நல்ல இடத்துக்கு வந்திருந்தா. பெரிய மதர் மேசையில் அடித்த பிறகுதான் வாயை மூடினா.

“ப்ளைபன்” என்றார் சிஸ்டர். அந்தச் சொல்லை அவர் முன்பும் எங்களிடம் சொல்லியிருக்கிறார். மருந்து அறை வாசலில் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, அங்கேயே இரு என்று கையைக் காட்டும்போது சொல்வது அதுதான். எனக்கு அன்றைக்கு மனசுக்குள் ஒரு சந்தோசம். பேசாம இரு, அங்கேயே இரு. நாங்களும் அப்படித்தானே சொல்கிறோம். இத்தனை தூரத்திலிருக்கிற பாஷை எங்கள் வீட்டுப் பேச்சுப் போல இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா அதையும் ஒரு கதையாக்குவா.

அதற்குப் பிறகு பெரிய மதர் கேட்பதை அக்கா தன் அரைகுறை இங்கிலீசில் பிடித்து எனக்குச் சொல்லிவிடுவா. எனக்கும் அந்த வேலையில் ஆசை வந்துவிட்டது. கோழிக்குத் தீனி போட்டுக் காட்டினேன். அதற்கு ‘ஹால்ற்றன்’ என்றார். வாக்குத் தவறாமல் இருப்பதை எப்படி நடிப்பது என்று தெரியாமல் முழித்தபோது, அக்கா ஒரு மெழுகுதிரியைக் கையில் தந்து, “தலவிலைக் கோயிலுக்கு நேர்ந்ததைச் செலுத்துறது போலச் செய்யடி” என்றா. நான் முழங்காலில் போய்த் திரி ஏற்றினேன். அதற்கும் ‘ஹால்ற்றன்’தான். உப்புப் போட்ட மீன் நாள்பட்டாலும் பழுதாகாது என்பதற்கும் அதுவே. ஆனால் ஆடு மேய்ப்பதை நடித்தபோது மட்டும் தலையை ஆட்டி, “ஹியூற்றன்” என்று வேறு சொல் சொன்னார். தோணி வலித்துக்கொண்டே இரு என்பதற்கு என்னைத் தரையில் உட்காரவைத்து வலிக்கவிட்டார்கள். என் தோள் நோகும்வரை அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. அதற்கு ஜேர்மனில் தனியாக ஒரு வினையே இல்லை போலும். மேலும் மேலும் என்பது போல ஒரு சொல்லைப் பக்கத்தில் வைத்துச் சமாளித்தார்.

பகலில் பாத்திரம் தேய்க்கும்போது நான் இதையே நினைத்துக்கொண்டிருப்பேன். இங்கிலீஷ்காரருக்கு இது ஒற்றை வேலைக்காரி. கோழியும் பார்க்கிறாள், வாக்கும் காக்கிறாள், வாயையும் மூடவைக்கிறாள். ஜேர்மன்காரர் அந்த வேலையை நாலைந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கோழிக்கும் வாக்குக்கும் ஒரே ஆள், ஆட்டுக்கு மட்டும் தனி ஆள் என்றால் அது என்ன நியாயம்? தமிழில் நாங்கள் கோழி வளர்க்கிறோம், ஆடு மேய்க்கிறோம், வாக்கைக் காப்பாற்றுகிறோம். யார் இப்படிப் பங்கு பிரித்துக் கொடுத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு சொல்லை இன்னொரு பாஷைக்கு மாற்றுவது என்றால் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குச் சாமான் மாற்றுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சொல்.

துரை ஒரு காலை நேரம் மோட்டார் காரில் வந்தார். கூடவே ஊர்ச்சனத்தோடு கதைப்பதற்காக அரசாங்கத்து மொழிபெயர்ப்பு முதலியார் ஒருவரும் வந்தார். கறுப்புக் கோட்டு, மணிக்கூட்டுச் சங்கிலி, எங்களைப் பார்க்கும்போது சுருங்கும் மூக்கு. சந்திப்பு அறையில் துரையும் சிஸ்டரும் எதிரெதிரே கதிரையில் உட்கார்ந்தார்கள். பெரிய மதர் இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்று துரை சொல்லிவிட்டார். மடத்து வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றா.

தேத்தண்ணீர் கொடுக்க என்னை அனுப்பினார்கள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நான் பின்னுக்கு நகர்ந்த நேரம், துரை ஒரு கேள்வி கேட்டார். நீளமான கேள்வி. நடுவில் அந்தச் சொல் வந்தது. என் இரண்டு கையும் தானாக நெஞ்சுக்குப் போயின.

முதலியார் எழும்பிவிட்டார். “ஏய்! என்ன சைகை காட்டுறாய்?”

நான் பின்னுக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“உன்னைத்தான் கேக்கிறன். ஆர் சொல்லித் தந்தது? என்ன சேதி குடுத்தாய் அந்தச் சிஸ்டருக்கு?” பிறகு துரையிடம் திரும்பி இங்கிலீசில் வேகமாக என்னவோ சொன்னார். துரை என் கையைப் பார்த்தார். நான் இன்னும் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. பெரிய மதர் வாய் திறக்கப் பார்க்க, துரை விரலை உயர்த்தி நிறுத்தினார். முடிந்தது, என்னால் சிஸ்டர் போகப்போகிறார், அம்மாவின் பிள்ளையும் போகப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. கண்ணீர் வந்துவிட்டது.

சிஸ்டர் எழும்பி வந்து எனக்கு முன்னால் நின்றார். துரையைப் பார்த்து இங்கிலீசில் பேசத் தொடங்கினார். அவர் அவ்வளவு இங்கிலீஷ் பேசி நான் கேட்டதேயில்லை. திக்கவில்லை. நிற்கவில்லை. கோபத்தில் கழுத்து சிவந்திருந்தது. கைலேஞ்சி, பாண், கோழி என்று கையாலும் காட்டினார். பொலிஸ் கொண்டுபோன புத்தகத்தைப் பற்றியும் சொன்னார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தடித்த புத்தகத்தின் அளவைக் காட்டினார். அந்தப் பேச்சுக்குள்ளேயே அந்தச் சொல் எத்தனையோ தரம் வந்து போனது. ஒரு இடத்திலும் அவர் விழவில்லை.

துரை கோப்பையைக் கீழே வைத்தார். என்னிடம் ஏதோ சொல்லச் சொன்னார், முதலியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: “உன்னைச் செய்து காட்டச் சொல்லுறார் துரை.”

துரை ஒரு வாக்கியம் சொல்வார், நான் பெரிய மதரின் கண்ணைப் பார்ப்பேன், அவர் அசையவும் மாட்டார். அந்த ஓசையை வைத்தே கோழிக்குத் தீனி போட்டேன், தோணி வலித்தேன். சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் ஜேர்மன் சொல்லையும், வேறு இங்கிலீசில் அதன் அர்த்தத்தையும் சொன்னார். பிறகு துரை மீசைக்குள் சிரித்துக்கொண்டு புதிதாக ஒன்றைச் சொன்னார். எனக்குத் தெரியவில்லை. சிஸ்டரும் யோசித்துப் பார்த்துவிட்டு, “நோ. இது எனக்குத் தெரியாது” என்று இங்கிலீசில் நேராகச் சொன்னார்.

அது பந்து விளையாட்டில் வரும் பேச்சாம். அடிக்கிறவனுக்குப் பின்னால் குனிந்து நின்று, தப்பி வருகிற பந்தைப் பிடிக்கிறவன் செய்கிற வேலையாம். துரை முதலியாரைப் பார்த்தார். முதலியார் துரையைப் பார்த்தார். வேறு வழியில்லை. மனிதர் மணிக்கூட்டுச் சங்கிலியைக் கோட்டுப் பைக்குள் தள்ளிவிட்டு, இரண்டு காலையும் அகட்டி, குந்தி, கையை விரித்துப் பிடித்தார். யன்னல் கம்பிக்கு வெளியே இருந்து அக்காவின் குரல் கேட்டது: “ஐயாவுக்கும் வலி கண்டிட்டுதோ?”

வெளியே பெண்கள் சிரித்த சிரிப்பில் அம்மாவின் சிரிப்பை நான் தனியாகக் கேட்டேன்.

சிஸ்டர் மட்டும் சிரிக்காமல் முதலியாரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் தட்டினார். “ஹியூற்றன்!” ஆடு மேய்க்கிற அதே சொல். எங்கள் நாட்டில் பந்துக்குக் காவல் நிற்கிறவனையும் மேய்ப்பன் போலத்தான் சொல்வோம் என்று அவர் விளக்க, துரை கதிரையில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தார். முதலியார் எழும்ப முடியாமல் மேசையைப் பிடித்து எழும்பினார்.

போகும்போது துரை முடிவைச் சொன்னார். முதலியார் அதை வாசலில் நின்ற பெண்களுக்குத் தமிழில் சொன்னார்: “உங்கட சிஸ்டர் இங்கேயே இருக்கலாம்.” பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். அவர் கையை உயர்த்தினார். “பொறுங்க. இந்தக் கேற்றுக்கு வெளிய கால் வைக்கக் கூடாது. கடற்கரைப் பக்கமே வரக் கூடாது. சண்டை முடியிற வரைக்கும் அப்படித்தான்.”

ஆரவாரம் அடங்கிவிட்டது. குடிசை குடிசையாகப் போய்ப் பிள்ளை எடுக்கிற ஆளைக் கேற்றுக்குள் வைத்தால் யாருக்கு என்ன பிரயோசனம்? சிஸ்டர் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மடத்துக்குள் பிள்ளைப்பேறு பார்க்கும் வழக்கம் எங்கேயும் இல்லை. செபம் நடக்கிற இடம். பெரிய மதரிடம் அதைக் கேட்கவே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அம்மா யாரிடமும் கேட்கவில்லை. வலி கண்ட அன்றைக்குப் பட்டப்பகலில், கருவாடு ஏற்றுகிற மாட்டு வண்டியில் பாயை விரித்துப் படுத்து, “மடத்துக்கு விடு” என்றா. வண்டி நேராகக் கேற்றுக்குள் வந்து நின்றது. பெரிய மதர் ஓடிவந்து கையை விரித்து என்னவோ சொன்னார். அம்மாவுக்கு இங்கிலீஷ் விளங்காது. விளங்கினாலும் திரும்பிப் போகிற நிலையில் இல்லை. “அவங்க வெளிய வரக் கூடாது எண்டுதானே துரை சொன்ன? நாங்க உள்ள வரக் கூடாது எண்டு சொல்லயில்லையே!” என்று வண்டியில் கிடந்தபடி கத்தினா. அதற்குள் சிஸ்டர் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். கேற்றுக்குப் பக்கத்தில் தேங்காய் குவித்துவைத்திருந்த அறைதான் கிட்ட இருந்தது. நானும் அக்காவும் தேங்காயை உருட்டி வெளியே தள்ளினோம்.

பெரிய மதர் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றார். பிறகு மற்றக் கன்னியரைக் கூப்பிட்டுக் கோயிலுக்குள் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லவைத்தார். அம்மாவின் சத்தம் ஏற ஏறச் செபத்தின் சத்தமும் ஏறியது. நடுவில் சிஸ்டரின் குரல் இரண்டையும் மிஞ்சியது. “முக்கு உம்மா! முக்கு!” வெய்யில் சாயும் முன் என் தங்கச்சி பிறந்தாள். சிஸ்டர் அவளைக் காலில் பிடித்துத் தூக்கி ஒரு தட்டுத் தட்ட, அழுகை வந்தது. கோயிலுக்குள் செபமாலை பாதியில் நின்றுபோனது.

அந்த வாரமே கனமூலைப் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் பெண்ணை வண்டியில் கொண்டுவந்தார்கள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர். அக்கா, திரும்ப அறைக்குள் போக இடமில்லாமல் முற்றத்தில் மழையில் நனைந்து கிடந்த தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றா.

“இதையெல்லாம் இனி என்ட தலையிலயா குவிக்கிற?” என்று கேட்டா. கேட்டுவிட்டு, வந்த பெண்ணுக்குச் சுடுதண்ணீர் வைக்கக் குசினிக்குப் போனா.